ஏஜென்ட் மென்பொருள் படிக்கும் மகள்: குலசேகரத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டில் கணினி அறிவியல் படிக்கும் தங்கள் மகள், செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றை, அதாவது சொன்ன வேலையைப் பல படிகளாகத் தானே செய்து முடிக்கும் மென்பொருளை, செய்யப்போவதாகச் சொல்லி விடுமுறை முழுவதும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்ததையும், யூடியூப் பார்த்து அப்படியே எழுதிய கோடு (கணினி நிரல்) ஓடாமல் நின்றுவிடுவதையும், கேட்டால் "அந்த வீடியோ பழசுப்பா, இப்போ எல்லாம் மாறிப்போச்சு" என்று அவர் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு வருடம் மாறுகிற ஒன்றைப் படித்து என்ன பயன், பேசாமல் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லலாமா, அல்லது மூன்றே மாதத்தில் கற்றுத்தந்து வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி நிறுவனத்தில் பணத்தைக் கட்டிவிடலாமா என்பது தங்கள் கேள்வி.

மகளின் கோடு ஓடாததற்கு அவருடைய திறமைக் குறைவு காரணமன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பயன்படுத்துவது லேங்செயின் என்ற ஃப்ரேம்வொர்க், அதாவது ஏஜென்ட் செய்வதற்கான ஆயத்தக் கோடுகளின் தொகுப்பு, என்று எழுதியிருக்கிறீர்கள். அது 2022 அக்டோபரில், சாட்ஜிபிடி வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, வெளிவந்தது. 2024 ஜனவரியில் 0.1, மே மாதத்தில் 0.2, செப்டம்பரில் 0.3 என்று ஒரே ஆண்டில் மூன்று முக்கியப் பதிப்புகள் வந்தன. 2025 அக்டோபரில் 1.0 வந்தது. ஒவ்வொரு முறையும் சில பகுதிகள் இடம் மாறின, சில கைவிடப்பட்டன. 2023-இல் எல்லாப் பாடங்களிலும் ஏஜென்டைத் தொடங்கப் பயன்பட்ட கட்டளைகள், 1.0-இல் பழையவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனித் தொகுப்புக்குப் போய்விட்டன. ஆகவே அந்த ஆண்டின் வீடியோவைப் பார்த்து எழுதி, பதிப்பு எண் குறிப்பிடாமல் இன்றைய லேங்செயினை நிறுவினால், தேடிய பகுதி அங்கே இல்லை என்ற இம்போர்ட் எர்ரர் முதல் சில வரிகளிலேயே வந்து நிற்கும். நல்ல அனுபவமுள்ள பொறியாளர் எழுதினாலும் அதேதான் நடக்கும்.

இத்தனை வேகமாக மாறக் காரணம் உண்டு. அடியில் இருக்கும் மொழி மாதிரிகளே, அதாவது சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருந்து பதில் எழுதும் மென்பொருள்களே, மாறிக்கொண்டிருந்தன. வெளியில் உள்ள ஒரு கருவியை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரலை) அழைக்கச் சொல்லி மாதிரியே ஒழுங்கான வடிவில் கேட்கும் வசதியை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில்தான் தந்தது. அதற்கு முன், மாதிரி எழுதிய உரைநடையிலிருந்து எந்தக் கருவி வேண்டும் என்பதைப் பிரித்தெடுக்கவே ஏராளமான கோடு எழுத வேண்டியிருந்தது. அந்த வசதி வந்ததும் அவற்றில் பெரும்பகுதி தேவையற்றதாயிற்று. 1.0 வெளிவந்தபோது, 2.0 வரும்வரை பழைய கோடை உடைக்கும் மாற்றங்களைச் செய்யப்போவதில்லை என்று அதைச் செய்பவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நல்ல செய்திதான், ஆனாலும் அந்த ஒரு வாக்குறுதியின் மேல் மட்டும் மகளின் படிப்பைக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் எதன்மேல் கட்டுவது? தாங்கள் ரப்பர் தோட்டம் வைத்திருப்பதாக எழுதியிருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். "கையில் 40 கிலோ ஷீட் இருக்கிறது, இன்றைய விலைக்கு விற்றால் எவ்வளவு கிடைக்கும்?" என்று தாங்கள் கேட்டால் பதில் சொல்லும் ஏஜென்டை மகள் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழி மாதிரிக்கு இன்றைய விலை தெரியாது. ஆகவே மகள் இரண்டு கருவிகளை எழுதுகிறார்: ஒன்று, கோட்டயத்தில் உள்ள ரப்பர் வாரியம் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற ஷீட் ரகத்துக்கு வெளியிடும் விலையை எடுத்து வருவது. மற்றது, பெருக்கிக் கூட்டுவது. தங்கள் கேள்வி போனதும், மாதிரி பதில் சொல்லாமல், விலைக் கருவியை அழைக்கும்படி கேட்கிறது. அழைப்பது மாதிரியன்று, பைதான் என்ற கணினி மொழியில் மகள் எழுதிய கோடு. கிடைத்த விலை உரையாடலின் முடிவில் சேர்க்கப்பட்டு மறுபடியும் மாதிரிக்குப் போகிறது. அது இப்போது கணக்குக் கருவியைக் கேட்கிறது. கிலோ 200 ரூபாய் என்றால் 8,000 என்று விடை வருகிறது. அதுவும் சேர்க்கப்பட்டுத் திரும்பப் போகிறது. மூன்றாவது முறை மாதிரி எந்தக் கருவியையும் கேட்காமல் தங்களுக்குப் பதில் எழுதுகிறது, சுழற்சி நிற்கிறது.

ஏஜென்ட் என்பதன் உள்ளே நடப்பது அடிப்படையில் இவ்வளவுதான். யோசித்து, கருவியை அழைத்து, விடையைப் பார்த்து, மறுபடி யோசிக்கும் இந்தச் சுழற்சி 2022-இன் ஆய்வுக்கட்டுரைகளிலேயே இருந்தது. இன்றைய லேங்செயின் ஒரே கட்டளையில் உருவாக்கித் தரும் ஏஜென்டின் உள்ளேயும் இருப்பது அதுவே. அந்த ஒரு கட்டளையின் பெயர் நாளை மாறலாம், சுழற்சி மாறவில்லை. ஆகவே மகளுக்கு நான் சொல்வது ஒன்றே: ஃப்ரேம்வொர்க்கே இல்லாமல், மொழி மாதிரியை நேரடியாக அழைத்து, இந்தச் சுழற்சியை ஒருமுறை கையால் எழுதிப் பார்க்கட்டும். நூறு வரிக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு அதையே லேங்செயினில் எழுதட்டும். முதலாவதை எழுதியவருக்கு இரண்டாவதில் எர்ரர் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எழுதாதவர் வேறொரு வீடியோவைத் தேடிப் போவார்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலான மாணவர்கள் செய்வதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். கோடு ஓடி, 8,000 ரூபாய் என்று பதில் வந்தவுடன் புராஜெக்ட் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். விலைக் கருவி தோற்றுப்போனதை ஏஜென்ட் நேர்மையாகச் சொல்கிறதா, அல்லது தானாக ஒரு விலையைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுக் காட்டுகிறதா? விலை வெளியாகாத விடுமுறை நாளில் கேட்டால், எந்தத் தேதியின் விலை என்று சொல்கிறதா? "40 கிலோ" என்பதற்குப் பதிலாக "இரண்டு கட்டு" என்றால், ஒரு கட்டு எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்கிறதா? ஒரே கருவியை முடிவில்லாமல் அழைத்துக்கொண்டே இருந்தால் நிறுத்துவதற்கு வரம்பு வைத்திருக்கிறாரா? ஷீட்டின் தரத்துக்கு ஏற்பவும் கடைக்கு ஏற்பவும் கையில் வரும் விலை வாரிய விலையிலிருந்து வேறுபடும் என்பது தங்களுக்குத் தெரியும், ஏஜென்டுக்குத் தெரியாது. ஆகவே மகளுடைய மென்பொருளை முதலில் சோதிக்கத் தகுதியானவர் தாங்கள்தான், ஐயா. மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வழக்கமாகக் கடையில் கேட்பதுபோலக் கேளுங்கள். தவறான பதில் வந்த ஒவ்வொரு கேள்வியையும், சரியான பதில் என்ன என்பதையும் மகள் ஒரு கோப்பில் குறித்துவைக்க வேண்டும். ஃப்ரேம்வொர்க்கின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தக் கேள்விகளை மறுபடி ஓட்டிப் பார்த்தால், எது உடைந்தது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டி, எது ஏன் தவறியது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லும் மாணவிக்கும், ஓடும் டெமோவை மட்டும் காட்டும் மாணவிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேள்வி கேட்பவர் உடனே உணர்வார்.

பதிப்பு மாற்றத்தைச் சமாளிக்கச் சில பழக்கங்கள் போதும். புராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி இடம்) வைத்து, நிறுவிய தொகுப்புகளின் பதிப்பு எண்களை ரிக்வயர்மென்ட்ஸ் என்ற பட்டியல் கோப்பில் எழுதிவைத்துவிட்டால், இன்று ஓடியது ஆறு மாதம் கழித்தும் ஓடும். பாடம் எதைத் தொடங்கினாலும் முதலில் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். எர்ரர் வந்தவுடன் அதைச் சாட்பாட்டில் ஒட்டி விடை கேட்பதில் ஒரு கண்ணி இருக்கிறது: அந்த மாதிரிகள் ஒரு குறிப்பிட்ட காலம் வரையிலான எழுத்துகளைப் படித்துப் பயிற்சி பெற்றவை, லேங்செயினைப் பற்றி இணையத்தில் குவிந்திருப்பதில் பழைய பதிப்புகளுக்கானதே ஏராளம். ஆகவே பழையதையும் புதியதையும் கலந்து, பார்ப்பதற்குச் சரியாக இருக்கும் கோடைத் தந்துவிடும். அதிகாரப்பூர்வ ஆவணத்தையும், ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறுவதற்கான வழிகாட்டியையும் ஆங்கிலத்தில் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் வேண்டும். நம் குமரி மாவட்டப் பிள்ளைகளில் பலர் கோடுக்குத் தயங்குவதில்லை, அந்த ஆங்கில ஆவணத்துக்குத் தயங்குகிறார்கள். தினமும் ஒரு பக்கம் படித்து, அதன் சாரத்தைத் தமிழிலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஒல்லாமா என்ற இலவச மென்பொருளால் சிறிய மொழி மாதிரிகளை வீட்டு மடிக்கணினியிலேயே ஓட்டலாம். கட்டணச் சேவையைப் பயன்படுத்தினால், சிறு தொகையை முன்பணமாகக் கட்டி, அதற்குமேல் போகாதபடி வரம்பு வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சேவையின் ரகசியச் சாவியைக் கோடுக்குள் எழுதி, கோடைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதை எடுத்துப் பிறர் பயன்படுத்தினால் பில் மகளின் பெயரில்தான் வரும்.

பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை நேரில் போய்க் கேளுங்கள். கற்றுத்தருவது எந்தப் பதிப்பு, பாடத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? மாணவர் செய்த புராஜெக்ட் ஒன்றை இப்போதே ஓட்டிக் காட்ட முடியுமா? வேலை உறுதி என்பதை, கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு எழுத்தில் தருவார்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேர்வதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரியிலேயே வரும் பயிற்சிகளையும் மகள் விட்டுவிடக் கூடாது.

வேலைக்கு எங்கே போவாள் என்று தங்கள் துணைவியார் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 1990-இல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு அதுவே மிக அருகில் உள்ள பெரிய மென்பொருள் வளாகம். இறுதியாண்டுக்கு முந்தைய விடுமுறையில் இன்டர்ன்ஷிப்புக்கு அங்குள்ள சிறு நிறுவனங்களுக்கு மகள் இப்போதே எழுதத் தொடங்கலாம். எழுதும்போது "லேங்செயின் தெரியும்" என்று எழுதுவதைவிட, ஏஜென்ட் செய்த விதத்தையும் அது தவறிய இடங்களையும் அரைப் பக்கத்தில் எழுதுவது மேல். புதிதாகச் சேருபவரை ஏஜென்ட் செய்வதற்கென்றே எடுப்பது அரிது; பைதான், டேட்டாபேஸ், ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) ஆகியவற்றில் தேறியவரா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கல்லூரிப் பாடங்களில் அரியர் வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, அதை மகளிடம் நேரடியாகவே சொல்லலாம்.

வங்கித் தேர்வைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இப்போது அதைக் குறுக்கே வைக்க வேண்டிய அவசியம் இல்லை. வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐபிபிஎஸ் நிறுவனம் நடத்தும் புரொபேஷனரி ஆபீசர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும், வயது 20 முதல் 30 வரை இருக்கலாம். மகளுக்குப் படிப்பு முடிந்த பிறகும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அதோடு அதே ஐபிபிஎஸ், வங்கிகளின் ஐடி ஆபீசர் பணிக்கென்று ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வையும் நடத்துகிறது. கணினி அறிவியலில் பொறியியல் பட்டம் பெற்றவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். இறுதியாண்டின் முடிவில் மகள் தானே அந்த வழியை விரும்பினால், அப்போது அதற்கான தயாரிப்பைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இப்போதைக்கு அந்த விலைக் கருவியை எழுதி முடிக்கட்டும்.