கூடம் நிஜமாகவே கோணல்தான்

கேள்வி: ஆச்சி, எனக்கு 44 வயது. எங்களுடையது 14 புள்ளிக்குப் (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பொதுவான பழைய வீடு, பங்காளிகளில் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. ஐப்பசி பிறந்தால் இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகும். இவருக்குக் கடையில் கணக்கு எழுதுகிற சம்பளம்தான். எனக்கு முட்டிவலி, படிப்பும் பிளஸ் டூவோடு நின்றுபோனது. யாரிடம் சொன்னாலும் "பாசிட்டிவா இருங்க" என்கிறார்கள். கேட்டாலே எரிச்சலாக வருகிறது.
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வரத்தான் செய்யும் தங்கச்சி. ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொண்டிருப்பவளிடம் வந்து உபதேசம் செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று யாராவது ஆரம்பித்தால், எங்கள் கூடம் நிஜமாகவே கோணல்தான், வந்து பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் (மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்) வீடு, முட்டி, படிப்பு, சம்பளம் நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறீர்கள். அவிழ்த்துப் போடுங்கள். 14 புள்ளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வீட்டை விற்பது எப்போது நடக்குமோ, அதை நினைத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பைசா பிரயோஜனமில்லை. ஓடு மாற்றுவது அப்படியில்லை. ஒழுகுகிற இடத்தைப் போனில் படம் எடுத்து, எத்தனை ஓடு, ஆள் கூலி எவ்வளவு என்று கொத்தனாரிடம் எழுதி வாங்கி, புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்து, பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கோயிலுக்குப் புள்ளி வரி கட்டிப் பழகியவர்கள்தானே, கணக்காகக் கேட்டால் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். "வீடே போச்சு, யாருக்கும் அக்கறையில்லை" என்று எழுதினால் கும்பிடுகிற கை பொம்மை நாலு வரும், பணம் வராது. புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள், மழை பிடித்துவிட்டால் ஓட்டின் மேல் ஆள் ஏற மாட்டான்.

முட்டிவலிக்குப் புலம்பாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போய் நன்றாகப் புலம்புங்கள், நம் வீடுகளில் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து.

படிப்பு விஷயத்தில்தான் உங்களிடம் எனக்குச் சண்டை. பக்கத்தில் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வி நடத்துகிறது, பிளஸ் டூ முடித்தவர் டிகிரி சேரலாம். 'இனிமேல் என்ன படிப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாரோ போட்ட தடை இல்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அழகப்பச் செட்டியாரைப் பற்றிச் சொன்னால் "அவரிடம் பணம் இருந்தது ஆச்சி" என்பீர்கள். இருந்தது, நிறையவே. ஆனால் அவருக்கு வந்த தொழுநோய் பணத்துக்குக் கட்டுப்படவில்லை. அதற்கு உருப்படியான மருந்தே 1940களில்தான் வரத் தொடங்கியது, அந்த நோய் வந்தவர் பக்கத்தில் உட்காரவே ஜனங்கள் பயந்த காலம் அது. அந்த உடம்போடுதான் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி ஆரம்பித்தார். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வரட்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 48 வயதுகூட நிறையாமல் 1957-இல் போய்விட்டார். அவர் கொடுத்தது பெரிது, சரி. எனக்கு அதைவிடப் பிடித்தது, இந்த வறண்ட பொட்டலைப் பார்த்து 'இங்கே என்ன வரப்போகிறது' என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தும் அவர் அதைச் சொல்லாததுதான்.

பணம் போனவர்களையும் பாருங்களேன். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கே வட்டித் தொழில் செய்த நம் செட்டிநாட்டுக்காரர்கள் கொடுக்கல் வாங்கல் அத்தனையையும் போட்டுவிட்டு வந்தார்கள், மிச்சம் மீதியும் 1960களில் அங்கே தேசியமயத்தில் போனது. அதற்குப் பிறகு பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து பழைய பெருமை பேசியே காலம் கழித்த வீடுகள் உண்டு. கைமுறுக்கும் மணகோலமும் சுற்றி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆச்சிமாரும் உண்டு. முன்னவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், இழப்பு சின்னதில்லை. ஆனால் அடுப்பு எரிந்தது பின்னவர்கள் வீட்டில்.

கேள்வி: ஆத்தங்குடியில் பூக்கல் (கையால் செய்யும் தரைக்கல்) போடும் தொழிலாளி நான். இப்போது எல்லோரும் மெஷின் டைல்ஸ் வாங்குகிறார்கள். கூலியும் போதவில்லை. முதலாளியிடம் சொன்னால் "குறை சொல்லாமல் வேலையைப் பார்" என்கிறார்.
- ஒரு வாசகர்

பதில்: இரண்டையும் கலக்காதீர்கள் தம்பி. மெஷின் வந்ததை உங்களாலும் என்னாலும் நிறுத்த முடியாது. கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் கரண்டியால் வண்ணத்தை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது கோடு கலங்காமல் எடுக்கிறீர்களே, அந்தக் கை மெஷினுக்கு இல்லை. ஒரு கல் மாதிரி இன்னொன்று இல்லாததற்காகவே உங்களைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள், புது டிசைன் நாலு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கூலி கேட்பது குறை சொல்வது ஆகாது. மற்ற ஆட்களோடு சேர்ந்து போய், நாளைக்கு எத்தனை கல், என்ன கூலி என்று கணக்கோடு உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் ரிட்டயர் ஆனதிலிருந்து கரண்ட், தெருவிளக்கு, வெயில் என்று விடிந்ததும் குறை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: நல்ல ஆள் கிடைத்திருக்கிறார், வீணாக்காதீர்கள். கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடுவதும், விளக்கு எரியாவிட்டால் பேரூராட்சி அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்பதும் இனி அவர் வேலை. தெருவே உங்களை வாழ்த்தும். வெயிலுக்கு எங்கே மனு கொடுப்பது என்று கேட்டால் நீர்மோர் கொடுங்கள்.