முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு நிச்சயதார்த்தம்

அரபு நாடுகளின் பரம்பரை நோய்கள் பற்றி, முக்கியமாக வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து, நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன. எல்லோருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: அங்கே பரம்பரை நோய்கள் அதிகம் என்கிறார்கள். சொந்தத்தில் கட்டுவதுதானே காரணம்? தடை போட்டால் தீராதா?

தீராது. சொந்தத்தில் கட்டுவது ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே இல்லை. சித்தப்பா, பெரியப்பா மகளைக் கட்டுவது அங்கே காலங்காலமாக உள்ள வழக்கம் (நமக்குத் தங்கை முறை, அவர்களுக்கு முறைப்பெண்). ஒரே தாத்தா பாட்டியிடம் இருந்த பழுதான மரபணு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் இறங்கி ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் நோய் வரும். ஆனால் எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க 2 முதல் 3 சதவீத வாய்ப்பு உண்டு, இவர்களுக்கு அதற்கு மேல் இன்னொரு 2, 3 சதவீதம், அவ்வளவுதான். நம்மில் தாய்மாமனைக் கட்டுகிறார்களே, அந்த நெருக்கம் இதைப்போல இருமடங்கு. இஸ்லாத்தில் அதற்கு அனுமதியே இல்லை.

இன்னொரு காரணம் மலேரியா. சிக்கிள் செல், தலசீமியா (இரண்டுமே சிவப்பணுவைக் கெடுக்கும் பரம்பரை ரத்த நோய்கள்) மரபணுவை ஒரு பங்கு மட்டும் வைத்திருப்பவர், அதாவது கேரியர், மலேரியாவில் பிழைத்துக்கொள்வார். அதனால்தான் மலேரியா பரவியிருந்த ஊர்களில் அந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. அங்கே சொந்தமே இல்லாத இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டாலும் இருவரும் கேரியராக இருக்க முடியும். உறவை மட்டும் தடுத்து என்ன பயன்?

கே: சவூதியின் தம்மாமில் நர்ஸாக இருக்கிறேன். கத்தீஃப், அல்-அஹ்ஸா பக்கத்து சிக்கிள் செல் நோயாளிகள் ஓரளவு தேறிவிடுகிறார்கள். ஜிஸான் பக்கத்தவர்கள் சின்ன வயதிலேயே ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். ஏன்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நோய் ஒன்றுதான், ஆனால் அந்த மரபணு வந்த வழி வேறு. சவூதியின் தென்மேற்கில், அதாவது ஜிஸான் பக்கம், இருப்பது ஆப்பிரிக்க வழி வந்த பெனின் வகை. கிழக்கில், அதாவது கத்தீஃப், அல்-அஹ்ஸா பக்கம், இருப்பது அரபு-இந்திய வகை. கிழக்கு வகைக்காரர்களுக்குக் கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் கணிசமாகத் தொடர்ந்து சுரக்கிறது. அது இருக்கும்வரை சிவப்பணு அரிவாள் மாதிரி வளைவது குறையும். நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் இருப்பது 1952-லேயே தெரியவந்தது. அவர்களிடம் இருப்பதும் இதே அரபு-இந்திய வகைதான்.

ஆனால் 'மிதமானது' என்ற பேச்சை வார்டில் நம்பிவிடாதீர்கள். கிழக்கு வகையிலும் இடுப்பு மூட்டு எலும்பு ரத்தம் இல்லாமல் செத்துப்போவது சகஜம். நோயாளி தாங்க முடியாத வலி என்று சொன்னால் அது உண்மையான வலிதான்.

கே: சவூதியில் கல்யாணத்துக்கு முன் பரிசோதனை கட்டாயமாமே. இருவரும் கேரியர் என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களா?

நிறுத்த மாட்டார்கள். 2004 முதல் சிக்கிள் செல், தலசீமியா பரிசோதனைச் சான்று இல்லாமல் நிக்காஹ் பதிவாகாது. முடிவைச் சொல்வார்கள், ஆலோசனை கொடுப்பார்கள், அதற்கு மேல் அவர்கள் இஷ்டம். 2004-இல் ஆபத்துள்ள ஜோடிகளில் 9 சதவீதம் பேர்தான் விலகினார்கள். 2009-இல் 52 சதவீதம். ஐந்தே வருடத்தில், யாரையும் கட்டாயப்படுத்தாமல் வந்த மாற்றம் இது, எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

மீதிப் பாதிப் பேர் ஏன் கேட்கவில்லை? பலருக்கு ரிசல்ட் கைக்கு வரும்போது மஹர் பேசி, மண்டபம் பிடித்து, ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருக்கும். அந்த நேரத்தில் பெண் வீட்டாரிடம் போய் வேண்டாம் என்று யார் சொல்வது? பஹ்ரைன் இதைப் புரிந்துகொண்டு பள்ளி மாணவர்களுக்கே பரிசோதனை செய்து, கையில் ஒரு அட்டை கொடுத்தது. கல்யாணப் பேச்சே இல்லாத வயதில் தெரிந்தால் அது வெறும் தகவல், ரத்த குரூப் மாதிரி. அங்கே சிக்கிள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகள் 1980-களில் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தார்கள், 2007-இல் 0.4 சதவீதம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் குடிமக்களின் திருமணப் பரிசோதனையில் 840-க்கும் மேற்பட்ட மரபணு நோய்கள் சேர்ந்திருக்கின்றன.

கே: ஆராய்ச்சி, மரபணுத் திட்டம் என்று கோடி கோடியாகச் செலவு செய்கிறார்களே, சாதாரண ஆளுக்கு என்ன லாபம்?

கத்தாரைப் பாருங்கள். ஹோமோசிஸ்டினூரியா என்ற நோய், உலகில் வெகு அபூர்வம், அங்கே ஏறத்தாழ 1,800 குழந்தைகளுக்கு ஒன்று. கண்டுகொள்ளாமல் விட்டால் கண் லென்ஸ் நழுவும், மூளை வளர்ச்சி குன்றும், ரத்தம் உறையும். காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு மாற்றம், அதுவும் குறிப்பாக ஒரு பெரிய கோத்திரத்தில். வழக்கமான பரிசோதனையில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் அளவைப் பார்ப்பார்கள், இந்தக் குழந்தைகள் அதில் தப்பிவிடுவார்கள். அதனால் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வகத்தோடு சேர்ந்து, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத் துளியில், இந்த நோயில் ரத்தத்தில் சேர்ந்துவிடும் ஹோமோசிஸ்டீனையே நேரடியாக அளக்கிறார்கள். முதல் வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாடு தொடங்கினால் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரலாம். தன் மக்களின் மரபணுவைத் தானே படிக்காத நாட்டுக்கு இது தெரிந்தே இருக்காது. துபாயில் 2003-இல் தொடங்கிய அரபு மரபணு ஆய்வு மையம் அரபு நாடுகள் முழுவதிலுமிருந்து இப்படிப்பட்ட தகவல்களைத் திரட்டிப் பொதுவில் வைப்பதும் இதற்காகத்தான்.

கே: கல்யாணம் ஆகிவிட்டது, இருவருமே கேரியர். முதல் குழந்தைக்கு நோய் இருக்கிறது. அடுத்த மூன்றும் நன்றாக இருக்குமா?

அப்படிக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம், புதிதாக. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே உங்கள் இருவரின் மரபணு மாற்றம் துல்லியமாக எது என்று கண்டுபிடித்து வையுங்கள், அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். அப்புறம் இரண்டு வழி. ஐவிஎஃப் செய்து, கருப்பையில் வைப்பதற்கு முன் நோயில்லாத கருவைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. இந்த வசதி ரியாத்திலேயே உண்டு. கர்ப்பத்தின் 11-ஆவது வாரம் போல நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பது இன்னொன்று. மார்க்கம் பற்றிக் கேட்பவர்களுக்கு: சரிசெய்ய முடியாத கடுமையான குறை என்று மருத்துவர் குழு உறுதிசெய்து, பெற்றோரும் விரும்பினால், 120 நாளுக்குள் கருவைக் கலைக்கலாம் என்று மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில் (மார்க்கச் சட்ட அறிஞர்கள் குழு) 1990-இல் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே: தோஹாவில் பிறந்த என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு. இங்கே எல்லோரும் காலையில் ஃபூல் சாப்பிடுகிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. ஜி6பிடி என்பது சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதி. ஃபூல் என்பது ஃபாவா பீன்ஸ், இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுவை உடைத்துவிடலாம். துணி அலமாரியில் அந்துருண்டையும் வேண்டாம். மாத்திரைகளில் டாப்சோன், ப்ரைமாக்வின் முக்கியமாகத் தவிர்க்க வேண்டியவை. சிறுநீர் கறுத்துப்போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மரபணு மகனுக்கு அம்மா வழியாக வருவது, எனவே மனைவியின் சகோதரர்களுக்கும் சகோதரிகளின் பையன்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.