தொட்டியில் தைலமரம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டுக்குள் யூகலிப்டஸ் வளர்ப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி இரண்டே விஷயத்தில் வந்து நிற்கின்றன: வெயில், தண்ணீர். அதனால் அவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பூங்கொத்தில் வைப்பார்களே, அந்த வட்ட இலை யூகலிப்டஸ் செடி ஒன்றை வாங்கி வரவேற்பறை மூலையில் வைத்தேன். ஒரு மாதத்தில் கீழ் இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. உரம் போதவில்லையா?

உரம் காரணம் இல்லை, வெளிச்சம்தான். இது ஆஸ்திரேலியாவில் திறந்த வெளியில் வெயிலைக் குடித்து வளர்ந்த மரம். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் நம் கண்ணுக்கு அந்த இடம் நல்ல வெளிச்சமாகத்தான் தெரியும், செடிக்கோ அது இருட்டு. வீட்டிலேயே அதிக வெயில் விழும் ஜன்னலை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். பால்கனி இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் மூலையில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள், இலை கருகிவிடும். முதலில் காலை வெயில் மட்டும் காட்டி, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். கொட்டிய இடத்தில் இலை பெரும்பாலும் திரும்ப வராது. செடி தேறியதும் நுனியை வெட்டிவிட்டால் கீழிருந்து புதுத் தளிர் வரும்.

பத்து நாள் வெளியூர் போய் வந்தேன். செடி மொத்தமும் காய்ந்து சருகாகிவிட்டது. வறட்சியைத் தாங்கும் மரம் என்றுதானே சொல்கிறார்கள்?

நிலத்தில் நிற்கும் மரம் தாங்கும், ஏனென்றால் அதன் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாகப் போய்விடும். தொட்டியில் இருக்கும் வேருக்கு அந்தக் கைப்பிடி மண்ணை விட்டால் வேறு கதி கிடையாது. நான் முதலில் வளர்த்த செடியை இப்படித்தான் இழந்தேன், இன்றும் வருத்தம் இருக்கிறது. இதன் இலை தடிப்பானது, மற்றச் செடிகளைப் போல முன்கூட்டியே தொங்கி நம்மை எச்சரிக்காது. இலை துவண்டு தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பகுதியை வெட்டிவிட்டு, மண்ணை ஈரமாக வைத்துக் காத்திருங்கள். பல யூகலிப்டஸ் வகைகளுக்கு அடித்தண்டில், மண்ணை ஒட்டி, ஒரு கிழங்கு போன்ற முடிச்சு உண்டு. காட்டுத் தீயில் மேலே எல்லாம் எரிந்து போனாலும் அதிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும். உங்கள் செடிக்கும் அது இருந்தால் நம்பிக்கை இருக்கிறது.

இனிமேல் மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்ததும், அடித்துளை வழியாக வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்த தண்ணீரைத் தட்டில் தேங்க விடாதீர்கள். வேர் அழுகிச் செத்த செடிகளும் நிறைய.

எந்த வகை வாங்கலாம்?

வட்ட இலைக்காக என்றால் சினேரியா, கன்னி (gunnii), புல்வருலென்டா இந்த மூன்று வகைகளில் ஒன்று. எலுமிச்சை வாசனை வேண்டுமென்றால் சிட்ரியோடோரா. (1995இல் தாவரவியலாளர்கள் இதை கோரிம்பியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் விதைப் பொட்டலத்தில் அந்தப் பெயரும் இருக்கலாம்.) குளோபுலஸ் வேண்டாம். அது வளரும் வேகத்துக்கு உங்களால் ஈடுகொடுக்க முடியாது.

அக்கா, என் கன்னி வகைச் செடிக்கு மூன்று வயது. இப்போது மேலே வருவதெல்லாம் நீளமான இலை. வேறு செடியை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

இல்லைம்மா, உங்கள் செடி வளர்ந்து பெரியதாகிறது, அவ்வளவுதான். யூகலிப்டஸில் பல வகைகளுக்குக் குழந்தைப் பருவ இலை வேறு, முதிர்ந்த இலை வேறு. கன்னிக்குச் சின்ன வயதில் நீலச்சாம்பல் நிறத்தில் வட்ட இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிக்கொண்டு வரும். வயதானதும் காம்போடு நீண்ட இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரத் தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மரத்து இலை என்று யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு இந்தச் செடி மேல் இத்தனை பிரியம் வந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

வட்ட இலையே வேண்டுமென்றால் கவாத்துதான் வழி. குளிர் முடிந்து புதுவளர்ச்சி தொடங்கும் நேரத்தில் கூர்மையான கத்தரியால் கிளைகளைப் பாதி அளவுக்கு வெட்டுங்கள். துணிச்சல் இருந்தால் தண்டையே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி மறுதாம்பு விடலாம், அங்கிருந்து வரும் தளிர்கள் மறுபடி வட்ட இலையோடு வரும். பூங்கொத்துக்காக வளர்ப்பவர்கள் வருடா வருடம் செய்வது இதைத்தான். ஆனால் வாடிப்போன செடியிலோ, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத செடியிலோ இதைச் செய்யாதீர்கள். சினேரியாவும் புல்வருலென்டாவும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. வயதான பிறகும் அவை பெரும்பாலும் இளம் இலையோடே இருக்கும்.

கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் வேர் விடுமா?

அநேகமாக விடாது. விதைதான் எளிது. விதை தூள் மாதிரி இருக்கும். ஈரமான கலவையின் மேல் தூவி, மூடியும் மூடாமலும் மெல்லிய மணல் போட்டால் போதும். கன்னி போன்ற குளிர்ப்பிரதேச வகை என்றால் விதையை ஈர மணலோடு கலந்து நான்கு முதல் ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) வைத்துவிட்டு விதையுங்கள், முளைப்பு சீராக இருக்கும். சிட்ரியோடோராவுக்கு அது தேவையில்லை. நாற்று சின்னதாக இருக்கும்போதே தனித்தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வேரைக் கலைப்பது இதற்கு அறவே பிடிக்காது.

வீட்டில் பூனை இருக்கிறது. வைக்கலாமா?

எட்டாத இடம் இல்லையென்றால் வைக்காதீர்கள். இலை எண்ணெயில் உள்ள ‘யூகலிப்டால்’ என்ற வேதிப்பொருள் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. மென்றுவிட்டால் எச்சில் வடிதல், வாந்தி, சோர்வு வரலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தைலப் புட்டி இலையைவிட ஆபத்தானது. குழந்தைகள் கொஞ்சம் விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

செடி வைத்தால் கொசு வராது என்கிறார்களே?

செடி சும்மா நின்றால் கொசு போகாது. எண்ணெய் இலைக்குள் சின்னச் சின்னச் சுரப்பிகளில் அடைபட்டுக் கிடக்கிறது. கசக்கினால்தான் வாசனையே நன்றாக வரும். கடையில் விற்கும் கொசு விரட்டியில் இருப்பது சிட்ரியோடோரா எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுக்கும் வேறு சரக்கு.

இலை அடியில் பழுப்பாகச் சொரசொரப்பான முண்டுகள். பூச்சியா?

நகரவில்லை, சுரண்டினால் வரவில்லை என்றால் பூச்சி அல்ல. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலையால் வெளியேற்ற முடியாதபோது செல்கள் வீங்கி வெடித்துத் தழும்பாகும். தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். பழைய தழும்பு மறையாது, புது இலை சுத்தமாக வரும். மெல்லிய நூலாம்படையும் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். அப்போது இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

இலை மேல் வெள்ளையாகத் தூசி படிகிறது. துடைக்கலாமா?

வேண்டாம்! அது செடியே பூசிக்கொண்ட மெழுகு. அந்த நீலச்சாம்பல் நிறமே அதனால்தான், துடைத்த இடத்தில் திரும்ப வராது. திட்டுத்திட்டாக மாவு போலப் படர்ந்தால் மட்டும் சாம்பல் நோயா என்று பாருங்கள்.

தொட்டியில் எத்தனை வருடம் இருக்கும்?

வருடா வருடம் வெட்டி, வேர் நிரம்பும்போது ஒரு அளவு மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றிவந்தால் சில வருடம் நன்றாக இருக்கும். அப்புறம் தண்ணீர் ஊற்றிய அன்றே மண் காய ஆரம்பிக்கும், புது இலை சிறுத்து வரும். அந்த நிலைக்கு வந்ததும் நான் செடியோடு போராடுவதில்லை. முந்தின வருடமே விதைத்து வைத்த நாற்று ஒன்று ஜன்னலோரம் தயாராக இருக்கும்.