வாசகர் கேள்விகள்: விரிப்புக்கு அடியில் ஒரு பத்திரம்

கேள்வி: பேத்தியின் வரலாற்றுப் புத்தகத்தில் 'அடிமை வம்சம்' என்று போட்டிருக்கிறது. அடிமை எப்படி சுல்தானாக முடியும்? அவர்கள் சட்டம் அதற்கு இடம் கொடுத்ததா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: கொடுக்கவில்லை அம்மா. அதனால்தான் பத்திரம் தேவைப்பட்டது.

இல்துத்மிஷ் 1211-இல் டெல்லியில் பட்டத்துக்கு வந்தவர். அவரை குத்புத்தீன் ஐபக் விலைக்கு வாங்கியிருந்தார். ஐபக்கே கோரி முகமதுவின் அடிமை. தலைமைக் காஜி (நீதிபதி) முன்செல்ல, சட்டம் படித்தவர்கள் புது சுல்தானைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் எதைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்து தன் விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். வாசித்துப் பார்த்த பிறகுதான் அவரை சுல்தானாக ஏற்றார்கள்.

இப்படி எழுதியிருப்பவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. அவர் டெல்லிக்கு வந்ததோ நூறு வருஷத்துக்குப் பிந்தி. கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். மூலப்பத்திரத்தைப் பீரோவிலும் அரிசிப் பானையிலும் வைத்தவர்களைத் தெரியும், அதன்மேலேயே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததில்லை.

டெல்லியில் செல்லுபடியான ஹனஃபி சட்டத்தில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) அடிமையின் சாட்சி ஏறாது, சம்பாத்தியம் எஜமானுக்கு, கல்யாணத்துக்கும் அவர் சம்மதம் வேண்டும். வெளியேற வழிகளும் அதே சட்டத்தில் இருந்தன. எஜமானோடு ஒரு தொகை பேசித் தவணையாகக் கட்டி விடுதலையாகலாம், இவர் முகாதப். 'என் மரணத்துக்குப் பின் நீ சுதந்திரம்' என்று எஜமான் சொல்லிவிட்டால் முதப்பர், அதன்பின் அவரை விற்க முடியாது. ஆனால் அந்த ஆளின் மதிப்பு எஜமான் விட்டுப்போகும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கவேண்டும். மீறினால், மிச்ச மதிப்பை அந்த ஆள் உழைத்துத்தான் வாரிசுகளுக்குக் கட்டவேண்டும். எஜமானுக்குப் பிள்ளை பெற்றவள் உம்மு வலத். அவளையும் விற்க முடியாது, அவர் கண்மூடியதும் விடுதலை. அவர் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டால், அது பிறக்கும்போதே சுதந்திரப் பிள்ளை. அவள் விரும்பினாளா என்ற கேள்வி மட்டும் அந்தச் சட்டத்தில் கிடையாது.

ஆகவே சிம்மாசனத்தில் இருந்த இல்துத்மிஷ் அடிமை அல்ல. 'அடிமை வம்சம்' பின்னால் வந்தவர்கள் ஒட்டிய பெயர். அதற்காகச் சட்டம் தாராளமானது என்று பேத்திக்குச் சொல்லிவிடாதீர்கள். அலாவுத்தீன் கில்ஜி சந்தைக்கு விலை கட்டியபோது வேலைக்கார அடிமைப் பெண் 5 முதல் 12 தங்கா (அக்கால வெள்ளி நாணயம்), கறவை எருமை 10 முதல் 12 தங்கா என்று அந்நாளைய வரலாற்றாசிரியர் பரனி எழுதிவைத்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்து வரிகள் மாதிரி!

கேள்வி: அப்படியானால் மதுரைக்குப் படையோடு வந்த அலாவுத்தீனின் தளபதி மாலிக் காபூர்?
– அதே வாசகி

பதில்: அவரும் அடிமைதான். 1299 குஜராத் படையெடுப்பில் கம்பாத் துறைமுகத்தில் பிடிபட்டவர். ஆயிரம் தினார் கொடுத்து வாங்கப்பட்டதால் 'ஹஸார் தினாரி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிடிபட்ட பிறகு மதம் மாறினாலும் அடிமைத்தனம் தானாக விலகாது. 1311-இல் மதுரைக்கு வந்தபோது அவர் பெரிய தளபதி. 1316-இல் அலாவுத்தீன் இறந்ததும் தான் ஏறாமல் ஒரு சின்னப் பையனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து, பின்னாலிருந்து ஆண்டார். சில வாரங்கள்தான், அரண்மனைக் காவலர்களே வெட்டிவிட்டார்கள்.