பின்வாங்கில் இருக்கிற மூன்று பேர்

அன்புள்ள அண்ணா,

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 8 வகுப்பாசிரியை நான். முதல் நியமனம். பின்வாங்கில் மூன்று பேர். ஒருவன் முதல் பாடத்திலேயே தூங்கி விழுவான். இன்னொருவன், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், யாரையாவது சீண்டுவான். மற்றப் பிள்ளை கேள்வி கேட்டால் வாயே திறக்காது, கொப்பியும் வெறுமை. நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை ஒன்று சுவரில் வைத்தேன். முன்வாங்குப் பிள்ளைகளுக்குத்தான் நட்சத்திரம் சேர்ந்தது. “பிரம்பை எடுங்கோ ரீச்சர், இரண்டு நாளில் சரிவரும்” என்கிறார்கள் மூத்தவர்கள். ஆளுக்கொரு மாதிரி நடத்தினால் பாரபட்சம் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லுவார்களோ என்றும் பயம். எந்த முறையைப் பிடிப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

பிரம்புப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. சட்டத்தை விடுங்கள். அடித்தால் தூங்குகிறவனின் தூக்கம் தீருமா? பேசாத பிள்ளை இன்னும் இறுகிப்போகும். சீண்டுகிறவன் மட்டும் அடங்குவான், அதுவும் நீங்கள் நிற்கிற பாடத்தில் மட்டும்.

மூன்று பேரையும் ஒரே ‘குழப்படி’க் கணக்கில் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் ருடோல்ஃப் டிரைக்கர்ஸ், பிள்ளையின் குழப்படிக்குப் பின்னால் நான்கு நோக்கங்கள் இருக்கலாம் என்றார்: கவனத்தைத் தன் பக்கம் இழுப்பது, அதிகாரப் போட்டி, பழிவாங்கல், தன்னால் முடியாது என்று ஒதுங்குவது. அந்த நேரம் ஆசிரியருக்கு என்ன தோன்றுகிறது என்பதே ஒரு தடயம். எரிச்சல் வந்தால் பிள்ளை கவனம் தேடுகிறது. ‘இவனை விடக்கூடாது’ என்று தோன்றினால் அது போட்டி. மனம் நொந்தால் பழி. கை விட்டுவிடலாம் போலிருந்தால் பிள்ளை தன்னையே கைவிட்டுவிட்டது. இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். உங்கள் தூங்குமூஞ்சி இந்த நான்கிலும் அடங்கமாட்டான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தனீ? காலமை என்ன சாப்பிட்டனீ?” என்று கேளுங்கள். உங்கள் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கிற வீடுகள் எத்தனை! தகப்பனோடு வயல் கொட்டிலில் விழித்திருந்துவிட்டு வருகிறானோ என்னவோ. அப்படியானால் அவனுக்குத் தேவை ஒழுக்கப் பாடமே இல்லை.

சீண்டுகிறவனுக்கு உங்கள் முதுகுதான் வாய்ப்பு. அதைக் கொடுக்காதீர்கள். கரும்பலகையில் ஒரு பிள்ளையை எழுதவிட்டு, பின்வாங்குக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்துங்கள். வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்த அமெரிக்கர் ஜேக்கப் கூனின் 1970இல் சொன்னது இதுதான்: வகுப்பை நன்றாக நடத்துகிறவரும் தடுமாறுகிறவரும் குழப்படி நடந்த பிறகு செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை, நடக்கும் முன் செய்வதில்தான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வன்னிப் பிள்ளை என்றதும் “யுத்தம் பாதித்த பிள்ளை” என்று எழுதி மூடிவிடுகிறோம். இன்று தரம் 8இல் இருக்கிறவர்கள் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஷெல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் கால் இழந்த தகப்பன், திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிற தாய், அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போனதால் வளர்க்கிற அம்மம்மா என்று அது சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, சில வீடுகளில் இல்லை. எந்த வீடு என்று தெரியாமல் அனுதாபத்தையும் பொதுவாகத் தெளிக்காதீர்கள்.

பாரபட்சம் பற்றிக் கேட்டீர்கள். விதி எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்: கை நீட்டக்கூடாது, பட்டப்பெயர் சொல்லக்கூடாது. மீறினால் என்ன நடக்கும் என்பதும் எல்லாருக்கும் ஒன்றே. உதவிதான் ஆளுக்கேற்ப மாறும். ஒருவனுக்குக் கூடுதலாக உதவுவதைப் பிள்ளைகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். முன்வாங்குக்காரன் அடித்தால் சிரித்து விடுவதும், பின்வாங்குக்காரன் அடித்தால் அதிபரிடம் அனுப்புவதும்தான் அவர்களைக் கொதிக்க வைக்கும்.

அட்டையைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பேசாத பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். சத்தம் போடாத பிள்ளையை யாரும் தேடமாட்டார்கள். இடைவேளையில் பக்கத்தில் இருத்தி, தரம் 3 புத்தகத்தில் ஒரு பந்தி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்ட முடியாமல் இருக்கலாம். கரும்பலகை தெரியாமலும் இருக்கலாம், கண்ணையும் காதையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டும் சரி, ஆனாலும் பேச்சு வரவில்லை என்றால் வலயத்தின் உளவள ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.