முறுக்கு மெஷினுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே கம்பு முறுக்கு, ராகி தட்டை சுட்டு, பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மைதா, பாமாயில் சேர்ப்பதில்லை, செக்கு எண்ணெய்தான். மாதம் 1,500 பாக்கெட் போடுகிறேன், அதில் 150 திரும்பி வந்துவிடுகிறது. கடைகளில் பணம் வர 2 மாதம் ஆகிறது. 8 லட்ச ரூபாயில் ஒரு மெஷின் பார்த்திருக்கிறேன். வங்கிக் கடன் வாங்கலாமா, நகையை வைக்கலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் சகோதரி, மெஷினும் இப்போது வேண்டாம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80 ரூபாய் பாக்கெட்டில் கடைக்காரர் கமிஷன் போக 60 வருகிறது, மாவு, எண்ணெய், கவர், கூலி, வண்டி எல்லாம் சேர்த்துச் செலவு 47, ஆக 13 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 100 பாக்கெட்டில் 10 திரும்பி வந்தால் 90-க்குத்தான் காசு, அது 5,400. செலவோ நூற்றுக்கும் ஆன 4,700. மிச்சம் 700, அதாவது பாக்கெட்டுக்கு 7 ரூபாய், மாதத்துக்கு 10,500. 8 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் தவணை மட்டுமே சுமார் 17,400! இதே நிலையில் மெஷின் வைத்து இன்னும் அதிகமாகச் சுட்டு, 100-க்கு 20 திரும்பி வர ஆரம்பித்தால் நூறு பாக்கெட்டுக்கு வெறும் 100 ரூபாய்தான் நிற்கும்.

அதனால் முதலில் பாக்கெட் ஏன் திரும்பி வருகிறது என்று பாருங்கள். கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம், அரைத்து வைத்த மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். மாதத்துக்கு மொத்தமாக அரைக்காமல் சுடுவதற்கு முன்பு அரையுங்கள். அப்புறம் கவர். மெல்லிய கவரில் காற்றோடு சேர்த்து ஒட்டினால் சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும், கெட்டியான கவரில் நைட்ரஜன் அடைத்து சீல் போட்டால் அது தள்ளிப்போகும். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம், உணவுப் பதப்படுத்தலுக்கான மத்திய அரசு நிறுவனம், பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அங்கே கேட்கலாம். புது கவரில் ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்றெல்லாம் மட்டும் அச்சடித்துவிடாதீர்கள், சட்டப்படி அப்படிப் போடக்கூடாது, அச்சடித்த கவர் அத்தனையும் வீணாகும்.

கவருக்கு 2 ரூபாய் கூடினாலும், ரிட்டர்ன் 100-க்கு 3 ஆகக் குறைந்தால் பாக்கெட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல் நிற்கும். இதே 1,500 பாக்கெட்டில் மாதம் 13,800, ஒரு பைசா கடன் இல்லாமல்.

கடை பாக்கியைப் பொறுத்தவரை, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துவிடுங்கள். பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். சின்னக் கடைக்காரரிடம் சட்டம் பேச மனசு வராது, எனக்கும் புரிகிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தயங்காமல் கேளுங்கள்.

மெஷினுக்கு நேரம் வரும்போது, மாவட்டத் தொழில் மையத்தில், சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். 2020-ல் தொடங்கிய திட்டம், 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம், உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். மானியம் உங்கள் கைக்கு வராது, 3 வருடம் தொழில் ஒழுங்காக நடந்த பிறகே கடனில் கழியும். அதனால் அதை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள்.

எந்தக் கடையில், எந்தத் தேதி சுட்டது, எத்தனை திரும்பியது என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். தொடர்ந்து 4 மாதம் ரிட்டர்ன் 100-க்கு 3-ஐத் தாண்டாமல் இருந்து, கடைகள் மாதம் 3,000 பாக்கெட் கேட்டால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.