போர் விமானத்திலிருந்து எதிரி விமானத்தைச் சுடும் ஐரோப்பிய ஏவுகணையான மீட்டியாருக்கு ஏன் இவ்வளவு பேச்சு? மற்ற ஏவுகணைகளும் நூறு கிலோமீட்டர் போகின்றனவே?

விளம்பரத் தாளில் போடும் தூரம், உயரத்தில் வேகமாகப் பறந்தபடி, நேர் எதிரே வரும் விமானத்தைச் சுடும்போது கிடைப்பது. இலக்கு திரும்பி ஓட ஆரம்பித்தால் அது வெகுவாகச் சுருங்கிவிடும்.

அமெரிக்காவின் அம்ராம் போன்ற வழக்கமான ஏவுகணைகளில் திட எரிபொருள் சில விநாடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். பிறகு சேர்த்துவைத்த வேகத்தில்தான் பயணம். காற்று அதைத் தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு திருப்பமும் இன்னும் கொஞ்சம் பறிக்கும். வளைந்து துரத்த வேண்டிய கடைசி நேரத்தில் கையிருப்பு காலி. விமானிகள் தப்பிப்பதே இதை நம்பித்தான்.

மீட்டியாரில் இருப்பது ராம்ஜெட், அதாவது பறக்கும் வேகத்தாலேயே காற்றை உள்ளே அழுத்தி எரிபொருளை எரிக்கும் எஞ்சின். எரிவதற்கான ஆக்சிஜனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே எடுப்பதால், அந்த எடைக்குக் கூடுதல் எரிபொருள் வைக்கலாம். (நின்ற இடத்திலிருந்து ராம்ஜெட் இயங்காது, முதலில் ஒரு பூஸ்டர் ராக்கெட் தள்ளிவிட வேண்டும்.) என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம், உந்துவிசையைக் கூட்டிக் குறைக்க முடிவதுதான்: வழியில் சிக்கனம், முடிவில் முழு விரட்டு. எனவே இலக்கு எப்படித் திரும்பினாலும் தப்ப முடியாத பகுதி பெரிதாகிறது.

2016இல் மீட்டியார் ஸ்வீடனின் கிரிப்பென் போர் விமானங்களில் முதலில் சேவைக்கு வந்தது. டைஃபூன், ரஃபேல் எல்லாம் பிறகுதான். இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் இதே வகை ராம்ஜெட்டைச் சோதித்திருக்கிறது.